இடம் மாறினாலும் மாறாத இலக்கம்

மகனுக்குக் கலியாணம் பேசியாயிற்று, ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் சுவாமி என்று ஒரு தாய் வருகிறார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வலிகாமம் வடக்கில் ஒரு சிறு கோயிலில். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். 1995இல் தென்மராட்சி, பின் வன்னி, பின் முகாம் என்று ஆறேழு இடம் மாறிவிட்டார்கள். தாயின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்தக் கோயிலின் பதிவேடு தப்பியிருந்தால், பிறந்த ஆண்டைச் சொன்ன பத்து நிமிடத்தில் பிள்ளையின் பெயரை எடுத்துவிடலாம்.

இந்தப் பதிவேடு எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரே ஒரு வரிதான். அது அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கில் இருக்கும். பின்னர் அவர் உறுதிபூசுதல் பெறுவது மன்னாரில் ஆகலாம். திருமணம் கனடாவில் ஆகலாம். அங்குள்ள பங்குத்தந்தை அந்தச் செய்தியைப் பழைய பங்குக்கு அறிவிக்க வேண்டும். இங்கே அவருடைய வரியின் ஓரத்தில் அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது திருச்சபைச் சட்டம். ஆள் இடம்பெயர்ந்தாலும் வரி இடம்பெயர்வதில்லை. செய்திதான் வரியைத் தேடி வருகிறது.

பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு மனிதரை இருபது வருடத்தின் பின்னும் அவர்தான் இவர் என்று பிழையின்றிக் கண்டுகொள்வது எவ்வாறு? அவரைப்பற்றி எழுதியவை தொலையாமலும் மாறாமலும் காப்பது எவ்வாறு? இவ்விதழின் பாடம் அதுவே. தோட்டம் செய்கிறவருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எமது கிராமங்களுக்கும் மீள்குடியேற்றப் பகுதிகளுக்கும் படிவங்களுடன் ஆய்வாளர் வருகிறார்கள். தண்ணீரும் இரத்தமும் எடுத்துச் செல்கிறார்கள். எமது பிள்ளைகள் சிலர் நாட்சம்பளத்துக்கு வீடு வீடாய்ச் சென்று அந்தப் படிவங்களை நிரப்புகிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்பவரும், பதிலை எழுதுபவரும் இந்த வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்திருப்பது நல்லது.

ஏன் இவ்வளவு காலம்?

சில நோய்கள் உடனே தெரியும். பாம்பு கடித்தால் காரணம் தேட வேண்டியதில்லை. இருதய நோய், சலரோகம், சிறுநீரக நோய் போன்றவை அப்படியல்ல. இன்று தின்பதும் குடிப்பதும் பதினைந்து வருடத்தின் பின்தான் கணக்குத் தீர்க்கின்றன. ஆகவே நோய் வருமுன்பே ஆட்களைச் சேர்த்து, எழுதி வைத்து, காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பொஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் 5,209 பேரைச் சேர்த்து இத்தகைய ஆய்வொன்று தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அவர்களைச் சோதித்தார்கள். உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், கொழுப்பு ஆகியவை இருதயத்தைக் கெடுக்கின்றன என்று இன்று எமது கிளினிக் தாதி சாதாரணமாகச் சொல்வதன் பெரும்பகுதி அந்த ஊர்ப் பதிவேட்டிலிருந்து வந்தது. பின்னர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் பிராமிங்காம் வசதியான ஊர். எமக்கு நெருக்கமான உதாரணம் வங்காளதேசத்தில் இருக்கிறது. டாக்காவுக்குத் தென்கிழக்கே, சாந்த்பூர் மாவட்டத்தில், மேக்னா ஆற்றங்கரையில் மாத்லாப் என்று ஒரு பகுதி. நெற்காணி, ஆறு, வெள்ளம், வறுமை. 1960இல் டாக்காவில் கொலரா ஆய்வுகூடம் ஒன்று தொடங்கப்பட்டு, 1963இல் மாத்லாப்பில் அதன் கிளை நிலையம் அமைந்தது. 1966 முதல் அங்குள்ள கிராமங்களில் யார் பிறந்தார், யார் இறந்தார், யார் கலியாணம் முடித்தார், யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் வீடு வீடாகச் சென்று எழுதப்பட்டு வருகின்றன. ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்களே பணியாளராக இருந்து, இரு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுப் படலையையும் திறந்தார்கள். பிற்காலத்தில் இடைவெளி கூடினாலும் வேலை நிற்கவில்லை. இடையில் ஒரு யுத்தம் வந்தது, பஞ்சம் வந்தது, ஆறு கரையை அரித்துச் சில கிராமங்களையே விழுங்கியது.

கொட்டில் இலக்கம் ஆள் இலக்கமாகாது

மாத்லாப்பில் என்ன செய்தார்கள் என்று சொல்லுமுன் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் நடமாடும் வைத்திய சேவைக்கு உதவியாக ஒரு கொப்பி வைத்திருந்தோம். மேரி என்று ஒன்பது பேர், யோசப் என்று ஏழு பேர். பெயர் உதவாது என்று கண்டு, கொட்டில் இலக்கத்தையே ஆள் இலக்கமாக்கினோம். 37ஆம் கொட்டில், இரண்டாவது ஆள் என்றால் 37/2. நல்ல யோசனை என்று அப்போது நினைத்தோம். மாரியில் பள்ளத்துக் கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. தறப்பாள்களைக் கழற்றி மேட்டில் புதிதாக அடித்தார்கள். 37இல் வேறொரு குடும்பம் குடியேறிற்று. கொப்பியோ அப்படியே தொடர்ந்தது. அதுவரை 170/100 என்று நின்ற அம்மாவின் இரத்த அழுத்தம் அடுத்த மாதம் 120/80 ஆயிற்று. மருந்து வேலை செய்கிறது என்று நாம் மகிழ்ந்தோம். வைத்தியர்தான் கொப்பியில் பழைய எடை 71 கிலோ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த மெலிந்த மனுசியை நிமிர்ந்து பார்த்தார். முதலாவது அம்மா மேட்டின் மறுபக்கத்தில், மூன்று வாரமாக மருந்தில்லாமல் இருந்தார்.

மாத்லாப்பில் ஒருவருக்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று நிரந்தரப் பதிவு இலக்கம். அது ஆளுடையது, அவர் சாகும்வரை மாறாது, செத்த பின்பும் இன்னொருவருக்குக் கொடுக்கப்படாது. மற்றையது தற்போதைய இருப்பிட இலக்கம். எந்தக் கிராமம், எந்த முற்றம், எந்தக் குடும்பம், அதில் எத்தனையாவது ஆள் என்று அது சொல்லும். பெண் கலியாணம் முடித்து அடுத்த கிராமத்துக்குப் போனால் இருப்பிட இலக்கம் மாறும். பதிவு இலக்கம் அவருடன் போகும். வெளியூர் போய்ச் சில வருடத்தின் பின் திரும்பி வந்தால் புதிய ஆளாக எழுதாமல் பழைய இலக்கத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். ஆற்றரிப்பில் கிராமம் மறைந்தபோதும், அந்தக் கிராமத்து மக்கள் பதிவேட்டிலிருந்து மறையாமல் இருந்ததற்கு இந்த இரண்டு இலக்க ஏற்பாடே காரணம். ஆளையும் இடத்தையும் பிரித்து எழுதினால் போதும். இவ்வளவு எளிதான விடயம் எமக்கு முகாமில் தோன்றவில்லை.

நிரந்தர இலக்கத்துக்குள் எந்தச் செய்தியையும் ஒளித்து வைக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே வைத்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். அதில் முதலில் வருவது பிறந்த ஆண்டு. அடுத்து வருவது பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதாவது இலக்கத்தைப் பார்த்தவர் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் அறிந்துவிடுவார். சிறு பிள்ளைகளுக்கோ அட்டையே இல்லை. 2016இல் இலக்கத்தின் வடிவமும் மாறி 12 எண்களாயிற்று. ஆய்வுக்கு வேண்டியது எதையும் சொல்லாத வெறும் இலக்கம்.

அந்த வெறும் இலக்கத்தையும் கை தவறி எழுதுவோம். அதற்கு ஒரு காவல் உண்டு. பிள்ளைகளுடன் இருந்து செய்து பாருங்கள். 4172 என்று ஒருவருக்கு இலக்கம் கொடுக்கிறோம். முதலாம் எண்ணை 5ஆல், இரண்டாம் எண்ணை 4ஆல், மூன்றாம் எண்ணை 3ஆல், கடைசி எண்ணை 2ஆல் பெருக்குக: 20, 4, 21, 4. கூட்டினால் 49. அதனை 11ஆல் பிரித்தால் மீதி 5. அந்த 5ஐக் கடைசியில் சேர்த்து 4172-5 என்று எழுதுகிறோம். இனி யாராவது அவசரத்தில் 1472-5 என்று மாற்றி எழுதினால், கூட்டுத்தொகை 46, மீதி 2; ஆனால் எழுதியிருப்பது 5. இப்படி ஓர் இலக்கம் இல்லை என்று கணனி அந்த இடத்திலேயே மறுத்துவிடும். ஓர் எண்ணைப் பிழையாக எழுதினாலும், பக்கத்து எண்கள் இரண்டை இடம் மாற்றினாலும் இது பிடித்துவிடும். மீதி 10 வந்தால் அந்த இலக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடலாம்.

கேட்காத கேள்விக்கு வந்த பதில்

பதிவேட்டை ஒழுங்காக வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மாத்லாப்பிலிருந்து ஒரு சம்பவம். இப்பாடத்தில் எமக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1974இல் அங்கே கொலராவுக்கு எதிரான புதிய ஊசி ஒன்றைப் பரீட்சித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் இரு பகுதியாயினர். ஒரு பகுதிக்குக் கொலரா ஊசி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மறுபகுதிக்கு ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகியவற்றுக்கு எதிரான ஊசி. சிலருக்கு ஒரு தடவை, சிலருக்கு இரண்டு தடவை. யாருக்கு எது, எத்தனை தடவை என்று அவரவர் இலக்கத்துக்கு எதிரே எழுதப்பட்டது. கொலரா ஊசி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பல இடங்களில் அத்துடன் கொப்பியைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள்.

ஆனால் வீட்டுக்கு வீடு செல்லும் பணியாளர் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையின் வரியில் தாயின் இலக்கம் இருந்தது. றொபேட் பிளாக் என்ற வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் பின்னர் ஒரு கேள்வி கேட்டார்கள்: அன்று ஏற்புவலி ஊசி பெற்ற பெண்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்? தொப்புள்கொடியை அசுத்தமான கத்தியால் வெட்டும்போது பச்சைக் குழந்தைக்கு ஏற்புவலி வரும். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் விறைத்துப் போகும். எமது பாட்டிமாருக்கு இது தெரிந்த நோய். இதனால் வரும் சாவு பெரும்பாலும் பிறந்து 4ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான்.

இரண்டு பதிவேடுகளையும் இலக்கத்தால் இணைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை ஏற்புவலி ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் முதல் மாதச் சாவு மற்றைய தாய்மாரின் குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்தக் குறைவும் 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையிலேயே விழுந்திருந்தது. கர்ப்பமாகுமுன் தாய்க்குப் போட்ட ஊசி, பின்னால் பிறந்த பிள்ளையைக் காத்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1980இல் இது வெளிவந்தது.

இதை நினைத்துப் பாருங்கள். 1974இல் ஊசி போட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் திட்டமிட்டிருக்கவில்லை. பதில் கிடைத்தது மூன்று சிறு காரியங்களால். தாயின் இலக்கம் மாறவில்லை. குழந்தையின் வரியில் தாயின் இலக்கம் இருந்தது. பிறந்த திகதியும் இறந்த திகதியும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. "ஒரு மாதத்துக்குள் இறந்தது" என்று மட்டும் ஒரு கட்டத்தில் சரி போட்டிருந்தால், 4ஆம் நாள் எது 20ஆம் நாள் எது என்று பிரித்திருக்க முடியாது. ஆகவே படிவம் தயாரிப்பவருக்குச் சொல்லத்தக்கது: வயதை எழுதாதே, பிறந்த திகதியை எழுது. "எடை குறைவு" என்று எழுதாதே, எத்தனை கிலோ என்று எழுது. தொகுப்பது பின்னர் எப்போதும் செய்யலாம். தொகுத்ததைப் பிரிக்க முடியாது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியுமா?

வெறுமையும் பூச்சியமும்

ஐந்து பிள்ளைகளின் எடையை எழுதுகிறோம்: 11, 12, 10, 12 கிலோ. ஐந்தாவது பிள்ளை அன்று பேத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? ஒருவர் 0 என்று எழுதினார். இன்னொருவர், தெரியாததற்கு 99 என்று போடச் சொன்னதாகப் பழக்கப்பட்டவர், 99 என்று எழுதினார். கணனிக்குப் பேத்தியார் வீடு தெரியாது. 99 என்று இருந்தால் சராசரி 28.8 கிலோ என்று சொல்லும். பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். 0 என்று இருந்தால் சராசரி 9 கிலோ. இதுதான் ஆபத்து; ஏனென்றால் இது நம்பக்கூடியதாக இருக்கிறது. இந்த முகாமில் பிள்ளைகள் மெலிந்து போனார்கள் என்று அறிக்கை எழுதப்பட்டுவிடும். நான்கு பிள்ளைகளின் உண்மையான சராசரி 11.25 கிலோ.

எனவே நல்ல பதிவேட்டில் வெறுமையான கட்டம் இருக்கக் கூடாது. பொய்ப் பூச்சியமும் இருக்கக் கூடாது. அளக்கவில்லை, ஆள் வீட்டில் இல்லை, தெரியாது என்றார், சொல்ல விரும்பவில்லை என்ற நான்கும் நான்கு வேறு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். எண்ணோடு கலக்காதபடி எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கேள்வி கேட்கப் போகும் எமது பிள்ளைகள் அலுப்பில் கட்டத்தை வெறுமையாய் விட்டு வந்து, இரவில் விளக்கடியில் இருந்து மனம்போனபடி நிரப்புவதும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அதைவிட "ஆள் இல்லை" என்ற ஒரு சொல் பெறுமதியானது.

ஆளே போய்விட்டால்? இதுதான் எமக்கு முக்கியமானது. பல ஆய்வுகளில் இடம் மாறியவரை அடித்துவிட்டுக் கடைசிவரை நின்றவரை மட்டும் எண்ணுவார்கள். வேலை சுலபம். ஆனால் யார் நிற்கிறார்கள்? காணி உள்ளவர், வீடு உள்ளவர், உடம்பு சுகமாக உள்ளவர். யார் போகிறார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை. போனவர்களை விட்டுவிட்டால் ஊர் முழுவதும் சுகமாக இருப்பது போலத் தோன்றும். நாடெங்கும் இப்படி எழுதினால் இடம்பெயர்ந்தவருடைய நோய் எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

இதற்கு வழி தோட்டக்காரருக்குத் தெரிந்த ஒன்றுதான். நாலு பேர் மூன்று நாள் புல்லுப் பிடுங்கினால் பன்னிரண்டு ஆள்நாள் என்கிறோம். ஒருவர் இரண்டாம் நாள் மத்தியானம் காய்ச்சலோடு போய்விட்டால், அவருக்கு ஒன்றரை நாள் கணக்கு. அவர் வரவே இல்லை என்று யாரும் எழுதுவதில்லை. ஆய்விலும் அப்படியே ஆள்மாதம் என்று எண்ண வேண்டும். ஏழு மாதம் இருந்து போன பெண் ஏழு ஆள்மாதம். அந்த ஏழு மாதத்தில் அவருக்கு நோய் வரவில்லை என்பதும் ஒரு செய்தி. இதைக் கணிக்க வேண்டியது ஒரே ஒரு கட்டம்: கடைசியாகக் கண்ட திகதி. எந்தப் படிவத்திலும் நாம் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தைத்தான். அது இல்லாத படிவத்தைத் தயாரித்தவர் மக்கள் இடம் மாறுவார்கள் என்று நினைக்கவே இல்லை.

மாத்லாப்பில் போதலும் வருதலும் பிறப்பு இறப்பைப் போலவே திகதியோடு எழுதப்படும் சம்பவங்கள். 1971 யுத்தத்தின்போதும் பதிவு தொடர்ந்ததால், யுத்தம் ஒரு கிராமியப் பகுதிக்கு என்ன செய்தது என்று 1976இல் கணக்கோடு எழுத முடிந்தது. அதன்படி யுத்த காலத்தில் சாவு கூடியது. பிறப்பு பின்னர் குறைந்தது. குண்டு விழுந்த இடத்துச் சாவை எல்லோரும் எண்ணுவார்கள். வீட்டிலே கிடந்து செத்த குழந்தையையும் கிழவரையும் எண்ணியது அந்தப் பதிவேடு. எமது பக்கத்தில் 2009இல் அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திருத்தல், காத்தல்

பிழையாக எழுதியதைத் திருத்துவதற்கும் முறை உண்டு. சுரண்டுவதும் வெள்ளை மை பூசுவதும் கூடாது. பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக நடுவில் ஒரே ஒரு கோடு; பக்கத்தில் சரியானது; திருத்தியவர் கையொப்பம்; திகதி; தேவையானால் காரணம். 1996இல் வகுக்கப்பட்ட சர்வதேச மருத்துவப் பரீட்சை நெறிகளிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. கணனியிலும் அவ்வாறே. புதிய எண்ணைத் தட்டியவுடன் பழைய எண் மறைந்துவிடும் அமைப்பு ஆய்வுக்கு உதவாது. பழையது என்ன, யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்பது பின்னால் ஒரு தனிப்பட்டியலில் தானாகவே சேர வேண்டும். அந்தப் பட்டியலை அலுவலகத் தலைவராலும் அழிக்க முடியாதிருக்க வேண்டும். தாளிலிருந்து கணனிக்கு ஏற்றும்போது இரண்டு பேர் தனித்தனியே தட்டி, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை மட்டும் எடுத்துப் பார்க்கும் வழக்கமும் நல்லது. கைத்தட்டில் நேரே பதிந்தால் அது தேவையில்லை. ஆனால் பொருந்தாததை அந்த இடத்திலேயே மறுக்கும் காவல்கள் வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்குப் பிரசவத் திகதி எழுதவிடக் கூடாது.

காப்பது பற்றி ஒரே ஒரு சொல். துளையிட்ட அட்டை, காந்த நாடா, பிளொப்பித் தட்டு என்று எழுதிவைத்த பொருட்கள் ஒவ்வொரு பத்துப் பதினைந்து வருடத்திலும் மாறிவிட்டன. பிளொப்பியை இன்று எந்தக் கணனியில் போடுவது? ஆகவே நீண்டகால ஆய்வில் பழையதைப் புதியதற்குப் பெயர்த்து எழுதும் வேலைக்கும் ஆளும் பணமும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். அத்துடன் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண், "ம" என்றால் மறுத்தார் என்று குறிகளின் பொருளைச் சொல்லும் கொப்பியும் அதே பெட்டியில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் கறையானுக்குத்தான். பிரதி இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வெள்ளத்தில் நனையாத இடங்களில் இருக்க வேண்டும்.

பட்டியல் என்ற சொல்

எமது மக்கள் பட்டியல் என்றால் பயப்படுவார்கள். நியாயமான பயம். யார் எந்த வீட்டில், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன வயது என்று எழுதிய கொப்பி யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்ற கேள்வியோடு எமது தலைமுறை வாழ்ந்தது. நல்ல ஆய்வில் கொப்பி இரண்டாக இருக்கும். ஒன்றில் பெயர், முகவரி, இலக்கம். மற்றையதில் இலக்கமும் நோய் விபரமும் மட்டும், பெயர் இல்லை. முதலாவது பூட்டிய பெட்டியில், பொறுப்பான ஒருவரிடம். கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டாவது மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பப்படுவதும் இரண்டாவதுதான்.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், ஆனால் கேளுங்கள். எனது பெயர் இருக்கும் கொப்பி எங்கே வைக்கப்படும், அதன் திறப்பு யாரிடம்? நான் இடம் மாறினால் என்னை எப்படித் தேடுவீர்கள்? நான் விலக விரும்பினால் எழுதியதை என்ன செய்வீர்கள்? எனது இரத்தத்தில் ஏதாவது பழுது கண்டால் எனக்குச் சொல்வீர்களா, எத்தனை நாளில்? இவற்றுக்குப் பதில் கையொப்பம் வாங்கும் தாளில், எமது மொழியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையொப்பம் வைக்கத் தேவையில்லை. மறுத்தால் கிளினிக்கில் மருந்து நிற்காது. நிறுத்துவோம் என்று யாரும் சொன்னால் அது குற்றம்.

அதே வேளை, எல்லாரையும் துரத்திவிடவும் வேண்டாம். வட மத்திய மாகாணத்தில் 1990களில் விவசாயிகளிடையே கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி அறிந்திருப்பீர்கள். வவுனியா மாவட்டத்திலும் நோயாளர் இருக்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பார உலோகங்கள், கிருமிநாசினி, வெய்யிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்தல் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒன்று என்று இன்னமும் முடிவாகவில்லை. இது பல வருடத்தில் மெல்ல வரும் நோய். சோதிக்க வருபவர் இன்றைய கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் செல்கிறார். ஆனால் முப்பது வருடத்தில் ஏழு கிணற்றில் குடித்தவருக்கு இன்றைய கிணறு மட்டும் என்ன சொல்லும்? அந்த ஏழு கிணறுகளும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

ஆகவே இந்தக் காலாண்டில் ஒரு வேலை செய்வோம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, குடும்பத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் வருடம், இடம், குடித்த தண்ணீர், செய்த பயிர், அடித்த மருந்து என்று ஒரு வரிசை எழுதுங்கள். கிணறு வெட்டுக்கிணறா குழாய்க்கிணறா என்பதையும் சேருங்கள். பொலிதீன் பையில் போட்டுப் பங்கீட்டு அட்டையுடன் வையுங்கள்; ஒரு பிரதி மகளின் வீட்டில் இருக்கட்டும். எமது பங்கில் ஓர் ஐயா இப்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 1990 வரை வீட்டு வெட்டுக்கிணறு, வெங்காயமும் புகையிலையும். 1990 முதல் 1995 வரை உறவினர் வளவுக் கிணறு. 1996 முதல் 2008 வரை வன்னியில் குழாய்க்கிணறு, நெல். அடுத்த வரியில் 2009 என்று போட்டு, தண்ணீர் என்ற கட்டத்தை வெறுமையாய் விடாமல் "தெரியாது, கிடைத்ததைக் குடித்தோம்" என்று எழுதியிருந்தார்.